பலர் எழுதும் பக்கத்தில் யார் சொல் நிற்கும்?

தொலைவில் இருப்பவர்கள் ஒரே திரையில் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது 1968 டிசம்பர் 9 அன்றே நிரூபணமாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ மேடையில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் காட்டிய ஆவணத்தில், மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரும் அங்கிருந்தபடியே கைவைத்தார். பிறகு மிஞ்சியது ஒரு கணக்குச் சிக்கல். ஒருவர் வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்துகளைச் சேர்க்கிறார். அதே நொடியில் மற்றவர் பத்தாம் எழுத்தை அழிக்கிறார். அந்தக் கட்டளை போய்ச் சேரும்போது, அழிய வேண்டிய எழுத்து பதினைந்தாம் இடத்துக்கு நகர்ந்திருக்கும். எண்ணைத் திருத்தாவிட்டால் வேறோர் எழுத்து அழியும். இருவரிடமும் இருவேறு பிரதிகள் மிஞ்சும். இதைச் சரிக்கட்டும் வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டார்கள். இன்றைய கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

எழுத்துகள் மோதாமல் பார்த்துக்கொள்ள இயந்திரம் போதும். கருத்துகள் மோதும்போது எது நிற்கும் என்பதை அது சொல்லாது. 2005 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ், இராக் போர் பற்றிய தன் தலையங்கத்தை வாசகர்களே திருத்தும்படி இணையத்தில் திறந்துவிட்டது. ஆபாசப் படங்கள் வந்து விழ, சில நாள்கூடத் தாங்காமல் மூடியது. 2007-இல் பெங்குவின் பதிப்பகம் எல்லோரும் சேர்ந்து எழுதும் நாவல் ஒன்றைத் தொடங்கியது. ஒருவர் கதையெங்கும் வாழைப்பழத்தை நுழைத்துக்கொண்டே போனார். கதை கடைசிவரை ஒன்றாகக் கூடவில்லை. விஷமிகளைத் தடுத்திருந்தால் போதுமே என்று கேட்கலாம். போதாது. போரை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் எவ்வளவு கண்ணியமாக எழுதினாலும் ஒரே தலையங்கத்துக்கு உடன்பட முடியாது. நாவலிலும் அப்படித்தான்: நாயகி சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்பதை எந்த ஆதாரத்தைப் புரட்டித் தீர்ப்பது?

விக்கிப்பீடியா மட்டும் எப்படி நிலைத்தது? விதிகளால் என்பார்கள். விதி மட்டும் போதுமென்றால் அதற்கு முன் வந்த நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் ஜெயித்திருக்க வேண்டும். ஏழு கட்டப் பரிசீலனை வைத்திருந்த அது, மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தும் முடித்தது ஏறக்குறைய இருபத்தைந்து கட்டுரைகள். 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா முதலில் எழுதவிட்டது. பழைய பிரதிகளைக் காத்து, தவறை மீட்க வழி வைத்தது. அதைவிடப் பெரிது, எழுதுபவர் இருவருக்கும் வெளியே ஒரு நடுவர் இருந்தது: ஏற்கெனவே வெளியான சான்று. அலுவலகத்தில் கூகுள் டாக்ஸ் சச்சரவின்றி ஓடுவதும் இப்படி ஒரு நடுவர் இருப்பதால்தான். அங்கே கடைசி வார்த்தை யாருடையது என்பது கோப்பைத் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

சான்று என்ற நடுவர் கைவிடும் இடத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் பார்க்கலாம். கனடாவில் உள்ள ஒரு நகரத்தின் பெயரை இலங்கை வழக்கில் ரொறன்ரோ என்றும் தமிழக வழக்கில் டொராண்டோ என்றும் எழுதுகிறோம். இரண்டுக்கும் அச்சுச் சான்று உண்டு. எதைத் தேடினாலும் கட்டுரைக்குக் கொண்டு சேர்க்க வழிமாற்று என்ற வசதி இருக்கிறது. தலைப்பில் எது நிற்பது என்பதை மட்டும் உரையாடல் பக்கத்தில் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.