கைப்பிடிச் சலவை இயந்திரம்

வீட்டுச் சலவை இயந்திரத்தின் வரலாறு மின்சாரத்துடன் தொடங்கியதன்று. 1782இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் ஆக்கவுரிமை பெற்ற இயந்திரம் கையாற் சுழற்றப்படுவதே. 1874இல் ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வில்லியம் பிளாக்ஸ்ரோன் இல்லப் பாவனைக்கென ஒன்றை அமைத்தார். மரத்தொட்டியினுள் முளைகள் பொருத்திய பலகை; மேலே கைப்பிடி. அதனைச் சுழற்றப் பற்சில்லுகளின் வழியே பலகை அசைந்து, முளைகளிற் சிக்கிய துணிகளைச் சவர்க்கார வெந்நீரில் அலைத்தது.

தேய்ப்புப் பலகையில் உரசி நொந்த கைகளுக்கு இஃது ஆறுதலே. ஆயினும் நீர் சுமத்தல், அடுப்பெரித்து அதனைச் சூடாக்கல், பிழிதல், உலர்த்தல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்கள்மீதே எஞ்சின. குழாய்நீரும் மின்சாரமும் வீட்டை அடையும்வரை சலவைநாளின் சுமை பெரிதும் தணியவில்லை.

ஆதலின் ஒரு கருவியின் பயனை அளக்க முற்படுவோர், அது செய்த வேலையை மட்டுமன்றி, செய்யாது விட்ட வேலையையும் கணக்கிடல் வேண்டும்.