கொச்சித் துறவியின் செடிகள்

கத்தோலிக்கம் அறிவியலுக்குப் பகை என்பவர்கள் 1633இன் கலிலியோ விசாரணையைக் காட்டுவார்கள். அந்த அநீதியை மறுக்க முடியாது. ஆனால் அதுவே முழு வரலாறு என்பதைக் கொச்சி ஏற்காது. 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றிய இந்நகரில், கார்மல் சபைத் துறவி மத்தேயு, புராட்டஸ்டண்ட் ஆளுநர் வான் ரீடுக்காக மலபார்ச் செடிகளை வரைந்தார். வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணி அறிஞர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும் அறிவைக் கொட்டிக் கொடுக்க, அம்முயற்சி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக, 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' என்ற பெயரில் அச்சேறியது.

துறவியின் படங்கள் போதாதென்று பின்னர் வேறு ஓவியர்கள் அமர்த்தப்பட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும், படைப்பு இறைவனுடையது என்று நம்பியவருக்கு இலையின் நரம்பை உற்றுப் பார்ப்பது விசுவாசத்துக்கு முரணாகத் தோன்றவில்லையே! எதுவும் ஏன் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எப்படி உருவானது என்பது வேறு. 1927இல் விரியும் பிரபஞ்சத்தை முன்வைத்த பெல்ஜியக் குருவானவர் லெமேத்தரும் இவ்விரண்டையும் குழப்ப மறுத்தார்.