வில்லைத் தாழ்த்திய வீரர்

வில்லெடுத்து வென்ற வீரர்கள் வரலாற்றிலே பலர் உண்டு. வில்லைத் தாழ்த்திவைத்து வல்லாட்சியை எதிர்த்தவரை நாம் அறிவோமா? அவர் கைவில், உயிர் குடிக்கும் வில்லன்று. செல்லோ எனும் நரம்பிசைக் கருவியைப் பேசவைத்த வில்! அவர்தாம் பாப்லோ கசால்ஸ்.

1876 டிசம்பர் 29இல், ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில், எல் வெந்திரெல் எனும் சிற்றூரிலே பிறந்தார். தந்தை மாதாகோவிலில் ஆர்கன் வாசித்தவர். வீட்டிலே செல்வம் இல்லை, இசை இருந்தது.

பார்சிலோனா இசைப்பள்ளியிலே அன்று ஒரு வழக்கம். செல்லோ பயில்வோன் வலக்கை அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாதபடி வில்லை இழுக்கவேண்டும். ஏன்? முன்னோர் அப்படிச் செய்தனர்; அவ்வளவுதான்! கசால்ஸ் புத்தகத்தை விட்டார். கைக்கு விடுதலை தந்தார். இடக்கை விரல்களுக்கும் புதுவழி கண்டார். பின்வந்தோர் அவ்வழி நடந்தனர்.

பதின்மூன்றாம் வயதில், பழைய இசைத்தாள் விற்கும் கடையொன்றில், பாக் எனும் ஜெர்மானிய மேதை செல்லோவுக்கென இயற்றிய ஆறு தொகுதிகளைக் கண்டெடுத்தார். வெறும் பயிற்சிப் பாடங்களென ஒதுக்கப்பட்டிருந்தவை அவை. பல்லாண்டு பயின்ற பின்னரே அரங்கேற்றினார், உலகம் வியந்தது.

1899இல் விக்டோரியா அரசியார் முன் வாசித்தார். 1904இல் அமெரிக்கத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் முன் வாசித்தார். மாளிகை கேட்டது, ஆலைத் தொழிலாளி கேட்டானா? அந்தக் கேள்வி அவரை உறுத்தியது. 1920இல் பார்சிலோனாவில் தம் பெயரால் இசைக்குழு அமைத்தார். 1926இல் தொழிலாளர் இசையரங்கச் சங்கம் எழுந்தது. குறைந்த வருவாயினரே அதில் உறுப்பினர்! சிறு சந்தா செலுத்தியவன், சீமான் கேட்ட அதே இசையைக் கேட்டான். இசை எவர் வீட்டுச் சொத்து எனும் வினாவுக்கு இதைவிட நல்ல விடை ஏது?

1936 ஜூலை 18. மாந்தர் அனைவரும் உடன்பிறப்பென முழங்கும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடந்தது. அவ்வேளை படைத்தலைவர்களின் கலகச் செய்தி வந்தது. இறுதிவரை வாசித்துப் பிரிந்தனர். 1939இல் குடியரசு வீழ்ந்தது. பிராங்கோவின் கொடுங்கோல் எழுந்தது. கசால்ஸ் பிரெஞ்சு மண்ணில், பிராத் எனும் ஊரில் குடியேறி, முகாம்களில் வாடிய அகதிகளுக்கு உதவி திரட்டினார்.

1945இல் போர் முடிந்தது. ஆயினும் வென்ற வல்லரசுகள் பிராங்கோவை விட்டுவைத்தன. கசால்ஸ் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தரவிருந்த பட்டங்களை மறுத்தார். பொது அரங்கில் வாசிப்பதையே நிறுத்தினார். பிழைப்பும் புகழும் தந்த வில்லைத் தாமே தாழ்த்தினார்! 1950இல் இசைவாணர்கள் பிராத்துக்கே திரண்டுவந்து அவரோடு விழா எடுத்தனர். 1961இல் கென்னடியின் மீதிருந்த மதிப்பால் வெள்ளை மாளிகையில் வாசித்தார். கொள்கையிலே நெகிழ்ந்தாரெனச் சிலர் கூறலாம், மறைக்கவேண்டுவதில்லை. எனினும் கொடுங்கோலனிடம் அவர் நெகிழ்ந்ததில்லை.

1971இல், 94ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் மன்றத்திலே தம் தாயகத்து நாட்டுப்பாடலை வாசித்தார். 1973 அக்டோபர் 22இல், தாயின் பிறப்பிடமான போர்ட்டோ ரிக்கோவில் மறைந்தார். ஈராண்டிலே பிராங்கோவும் மாண்டான். 1979இல் கசால்சின் உடல் எல் வெந்திரெல் திரும்பியது.

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்போர் இன்றும் உளர். அவர்களிடம் நாம் கேட்போம்: அநீதியின் அவையிலே இசைப்பவன் அரசியலே செய்யவில்லையா?