ஆக்சிஜன் பறித்த பார்வை

சென்ற ஆண்டு என் பேரன் 31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,400 கிராம். மூன்று வாரம் கழித்து, "கண் டாக்டர் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு" என்றார்கள். பச்சைக் குழந்தைக்குக் கண் டாக்டர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்தது இந்தக் கதை.

1942-ல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளைத் திரை படர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்ததாகக் கணக்கு. அதிலும் வசதியான ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம். 1950-ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர்.

வைட்டமின் என்றார்கள், வெளிச்சம் என்றார்கள். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் ஒரு ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்தார். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண் தெளிந்தது. வேறொருவர் என்றால் தம்பட்டம் அடித்திருப்பார். அவர் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார். ஊசி போடாத குழந்தைகளே மேலாக இருந்தார்கள். போட்டவர்களில் சாவும் அதிகம். தானாகச் சரியாகியிருக்கக்கூடியதை மருந்தின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்!

1951-ல் மெல்போர்னில் கேட் கேம்பல் என்ற பெண் மருத்துவர், ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடங்களில்தான் இந்தக் குருடு அதிகம் என்று காட்டினார். 1953-54-ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்ததில் அது உறுதியானது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியுமுன் ஆக்சிஜன் மிகுந்தால் வளர்ச்சி தடைபடும்; பிறகு தாறுமாறாகப் படர்ந்து திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

உடனே எல்லோரும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். குருடு குறைந்தது. ஆனால் மூச்சுத் திணறிய குழந்தைகள் இறந்தன. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 உயிர் போயிருக்கும் என்று 1973-ல் கென்னத் கிராஸ் இங்கிலாந்தில் கணக்குப் போட்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது ஆக்சிஜனை அளந்து பார்க்கக் கருவி உண்டு. நம் நாட்டில் 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாக. தேவையானால் லேசர். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பேரனோ பேத்தியோ வந்திருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பையனை மூன்று முறை பார்த்தார்கள். லேசர் தேவைப்படவில்லை. இப்போது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதே அவனுக்கு வேலை.