டீசல் லொறிகளில் இழுவைக் குறைவு: மன்னார்க் கரையோரம்

பாரமேற்றிய லொறி இழுக்க மறுத்தால் பழி முதலில் டீசல் பம்பின் மீதும் இன்ஜெக்டர்கள் மீதும்தான் விழுகிறது. மன்னார்த் தீவிலும் அதையொட்டிய கரையிலும் காற்றுவழியைப் பார்க்காமல் அவற்றில் கைவைப்பது வீண்செலவு. மழை குறைந்த மணல்நிலம் இது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் உப்பும் ஏர் ஃபில்டரை விரைவாக அடைக்கின்றன. மதவாச்சி–தலைமன்னார் வீதி (ஏ14) பெரும்பாலும் சமதரை. ஆகவே குறை மெல்ல முற்றி, முழுப் பாரத்தோடு எதிர்காற்றில் தாம்போதியைக் கடக்கும்போதுதான் சாரதிக்கு உறைக்கிறது.

புகை நல்ல சாட்சி. பாரத்தில் கரும்புகை கக்கினால் டீசலுக்கு ஈடான காற்று இல்லை என்பதே முதல் சந்தேகம்: ஃபில்டர் அடைப்பு, அல்லது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான ரப்பர் குழாயில் வெடிப்பு. குழாய் வெடித்திருந்தால் அக்சிலேட்டரை மிதிக்கையில் சீறும் ஓசை கேட்கும். வெடித்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கும். டர்போ எஞ்சின்களில் ஃபில்டர் தடை ஏறத்தாழ 6 கிலோபாஸ்கலை எட்டினால் மாற்றுவதே வழக்கம். காற்றடித்துத் துப்புரவாக்கினால் தாள் கிழிந்து மணல் உள்ளே போகும்.

ஒழுகும் இன்ஜெக்டரும் கரும்புகை தருமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஃபில்டரைச் சோதிக்கச் சில நிமிடம் போதும். இன்ஜெக்டரைக் கழற்ற அரைநாள் போகலாம். மின்னணு எஞ்சின்களில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைந்தால் கணினியே டீசலைக் குறைத்துவிடுவதால் புகை வராமலும் போகலாம்; அங்கே பூஸ்ட் அளவியைத்தான் நம்பவேண்டும். பூஸ்ட் சரி, புகையும் இல்லை என்றால் அடுத்தது டீசல் ஃபில்டரும் அதன் அடியில் தேங்கும் தண்ணீரும்.