விதி தொலைந்த விளையாட்டு

பண்டைய எகிப்து என்றதும் பிரமிடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மக்கள் விரும்பி ஆடிய பலகை விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பலர் அறியார். அதன் பெயர் 'செனத்'. 'கடந்து செல்லுதல்' என்பது இதன் பொருள்.

வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசைகள். ஆக 30 கட்டங்கள். ஏறத்தாழ கி.மு. 2650இல் வாழ்ந்த ஹெசி-ரா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் இப்பலகை தீட்டப்பட்டுள்ளது. 1922இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையிலும் இத்தகைய ஆட்டப் பெட்டிகள் இருந்தன.

முதலில் இது வெறும் பொழுதுபோக்கே. காலப்போக்கில் கடைசிக் கட்டங்களில் குறிகள் ஏறின. 27ஆம் கட்டத்தில் நீரின் குறி. அது காய்க்கு ஆபத்தான இடம். கி.மு. 1550க்குப் பின், காயின் பயணமே இறந்தவரின் உயிர் மறுவுலகு செல்லும் பயணமாகக் கருதப்பட்டது. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் ஆடும் பரமபதத்தையும் இங்கு ஒப்பிடலாம். அதிலும் பாவம் பாம்பாகிறது; புண்ணியம் ஏணியாகிறது.

எகிப்தியர் நான்கு குச்சிகளை வீசிக் காய் நகர்த்தினர். குச்சியின் ஒரு புறம் தட்டை, மறுபுறம் வளைவு. நாம் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு புளியங்கொட்டைகளை வீசித் தாயம் ஆடுகிறோம் அல்லவா? இரண்டிலும் கணக்கு ஒன்றே. நான்கு கொட்டைகள் 16 வகைகளில் விழக்கூடும். ஒரு வெள்ளை மட்டும் விழுவது 4 வகை. இரண்டு விழுவது 6 வகை. நான்கும் விழுவது ஒரே வகை. ஆகவே தாயம் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இது இரு பக்கங்களுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டு போட்ட கணக்கு. தேய்த்த கொட்டையின் எடை இரு புறமும் ஒரே சீராக இராது. நூறு முறை வீசிக் குறித்துப் பாருங்கள்; வேறுபாடு தெரிய வரலாம்.

இவ்வளவு தெரிந்தும், செனத்தை எப்படி ஆடினார்கள் என்பது இன்று எவருக்கும் முழுமையாகத் தெரியாது. அதன் விதிகளை எழுதிய ஏடு எதுவும் கிடைக்கவில்லை. இன்று ஆடப்படும் விதிகள் அறிஞர்களின் ஊகமே. நம் நாட்டிலும் இதே நிலைதான். 2019இல் வெளியான கீழடி அகழாய்வு அறிக்கை சுடுமண் ஆட்டக்காய்களைக் குறிப்பிடுகிறது. அவற்றை வைத்து என்ன ஆட்டம் ஆடினார்கள் என்பதைக் காய்கள் சொல்வதில்லை.

எகிப்தில் பலகை நிலைத்தது, விதி அழிந்தது. நம்மிடமோ விதி வாய்மொழியில் வாழ்கிறது. பலகை சுண்ணாம்புக் கோடாய் அழிகிறது. எதிரியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்தில் நுழையலாம் என்பர் சிலர். அப்படி இல்லை என்பர் வேறு சிலர். இக்கிளை விதிகள்தாம் ஆட்டத்தின் வளர்ச்சி. அம்பத்தூரோ ஆவடியோ பூவிருந்தவல்லியோ, உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். எது மலை, எப்போது மறு ஆட்டம், காய் எப்போது பழமாகும் என்பவற்றைக் கட்டம் வரைந்து எழுதி வையுங்கள். வரலாற்றுக்கு அதுவும் ஒரு சான்றே.