தேயிலைக்கு உதவாத நிலம்: மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் காடு எஞ்சிய வரலாறு

2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணிப் பகுதியில் உள்ள லக்சபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக் கிடந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தினர் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். மூன்று நாளில் அது இறந்துபோனது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் காண்பது மிக அரிது என்பதால் பத்திரிகைகள் சில வாரம் அதைப் பற்றி எழுதின. கம்பி வைத்தவர் யார் என்ற கேள்வியே அப்போது பெரிதாக எழுந்தது. அந்தச் சிறுத்தை தோட்டத்துக்குள் ஏன் இருந்தது, தோட்டத்துக்குள் அது வாழக்கூடிய காடு எப்படி வந்தது என்பதைப் பலர் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் இன்றிருக்கும் காடு யாரும் திட்டமிட்டுக் காத்ததல்ல. தேயிலைக்கு உதவாது என்று விடப்பட்ட நிலத்தில் எஞ்சியது. அதைக் காப்பதற்குப் பின்னாளில் செய்த முயற்சிகள் எல்லாம் அந்த நிலத்துக்கு மிக அருகில் வாழும் தோட்ட மக்களை வெளியே நிறுத்தியே செய்யப்பட்டன என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபோது மலையின் மேற்பகுதி அடர்ந்த காடு. கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பி பயிரிட்டார். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவ முடியாத காட்டு நிலத்தை முடிக்குரிய நிலமாகக் கருத வழிசெய்தது. அந்நிலம் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. 1878 அளவில் கோப்பி சுமார் 275,000 ஏக்கரில் பரவியிருந்தது.

அந்தக் காட்டை வெட்டிய முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சரிவின் அடிவாரத்திலிருந்து தொடங்கி, மரங்களை முழுதாக வீழ்த்தாமல் பாதி வரை கோடரியால் வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். உச்சி வரிசைக்கு வந்ததும் அங்குள்ள பெருமரங்களை முழுதாகச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசையின் மீது விழ, அது அதற்கடுத்ததன் மீது விழ, ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே இரைச்சலில் சரிந்துவிடும். சில வாரம் காயவிட்டுத் தீ வைப்பார்கள். இந்த வேலைகளுக்கும் அதன்பின் நடுகைக்கும் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக, மாத்தளை வழியாக நடந்தே வந்தவர்களை அமர்த்தினார்கள். வழியில் இறந்தவர்களின் தொகை பெரிது. மலையின் முதல் சூழலியல் மாற்றம் இவர்கள் கையால் நடந்தது. ஆனால் முடிவு அவர்களுடையதல்ல.

விலங்குகள் வேறு விதத்தில் அழிந்தன. பாதை அமைத்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை நூலாகவே எழுதினார். வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் உயர்மலையிலிருந்து யானையை அகற்றின. சிவனொளிபாதமலைக் காட்டில் மிகச் சிலவே எஞ்சின.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டில் கோப்பி ஒழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்ட 19 ஏக்கர் தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இந்த மாற்றத்துக்கு நடுவே, 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், உயரமான மலைக்காடுகளை வெட்டினால் மழையும் நீரூற்றுகளும் கெடும் என்று எச்சரித்தார். அதைத் தொடர்ந்து 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைத் தொடரின் முதுகும் நமக்குக் கிடைத்ததில் அந்தக் கோட்டுக்குப் பெரும் பங்குண்டு. அதற்கு முன்பே விற்றுவிட்ட நிலங்கள் மட்டும் அந்த உயரத்திலும் தோட்டமாகவே இருந்தன. நுவரெலியாவைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. இந்தக் கோட்டை வரைந்த அக்கறை நீர் பற்றியது. விலங்கு அதில் தற்செயலாகப் பயனடைந்தது.

விலங்குக்கென்று தனி அக்கறை வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. 1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் தொடர்ச்சி. ஹோட்டன் சமவெளியில் நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடிய தோட்டத்துரை தோமஸ் பார், அந்தச் சமவெளி அழியாமல் இருக்க வேண்டும் என்றும் உழைத்தவர். அவர் பெயர் கொண்ட விடுதிக் கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1940இல் சிவனொளிபாதமலைக் காடு சரணாலயமாக்கப்பட்டது. 1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. 2010இல் இவ்விரண்டும் நக்கிள்ஸ் மலையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இந்த வரிசை முழுவதும் வேலிக்கு அப்பால் உள்ள காட்டின் வரலாறு. வேலிக்கு இப்பால், தோட்டத்துக்குள் நடந்தது வேறு.

தோட்டத்துக்குள் முதலில் போனது மண். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முதல் அரை நூற்றாண்டிலும் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைக் கங்கைக்குக் கொண்டு போனது. குறுக்குக் கான் வெட்டுவதும் கிரவிலியா போன்ற நிழல்மரம் நடுவதும் பின்னர் வழக்கமாயின. மண் பேணற் சட்டம் 1951இல்தான் வந்தது.

அடுத்தது பூச்சி. இதில் ஒரு கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு 1930களில் மலைத் தோட்டங்களை வாட்டியது. 1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1935-36இல் இந்தோனேசியாவிலிருந்து மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும். மருந்தே இல்லாமல் புழு அடங்கியது. பிறகு, 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் தெளித்தார்கள். குளவி செத்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. மருந்தை நிறுத்தினால்தான் குளவி திரும்பும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் தோட்டத்திலேயே கண்டுகொண்டார்கள். தேயிலைச் செடி நிற்கும் இடமும் ஓர் உயிர்ச்சூழல்தான் என்பதற்கு மலைநாடு கண்ட தெளிவான பாடம் இது. 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்து 2018இல் தேயிலைக்கு விலக்கு அளித்ததும், 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து அதே ஆண்டிலேயே கைவிட்டதும் அந்தப் பாடத்தின் பொறுமையைக் கற்காத அரசு முடிவுகள்.

மூன்றாவது, தேயிலை ஏறாத இடங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் செங்குத்தான பள்ளம், ஓடைக்கரை, பாறைச்சரிவு, மலை முகடு என்று சில துண்டுகள் இருக்கும். பீலித் தண்ணீர் அங்கிருந்துதான் வரும். மரப்பன்னமும் காட்டு ஏலமும் வளர்ந்து, கொழுந்து மலையின் நடுவே கீற்றாகக் காடு இறங்கும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு நிர்வாகம் மாறியபோதும் இந்தத் துண்டுகளுக்குத் தனிக் கணக்கு இருக்கவில்லை. பல இடங்களில் விறகுக்காக யூக்கலிப்டஸ் நடப்பட்டது. ஏற்றுமதிச் சந்தை ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஓடைக்கரையை விட்டுவைப்பதும் வேட்டையைத் தடைசெய்யும் பலகை நடுவதும் தோட்ட அலுவலகத்தின் வேலைப்பட்டியலில் ஏறின.

அந்தக் கீற்றுகளைச் சிறுத்தை பயன்படுத்துகிறது என்பதை நிறுவியதில் வனாந்தர, வனசீவராசிகள் பாதுகாப்பு நம்பிக்கை நிறுவனத்துக்கு முக்கிய இடமுண்டு. அஞ்சலி வொட்சனும் அன்ட்ரூ கிட்டலும் நிறுவிய அந்த அமைப்பு, டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தானியங்கிக் கமராக்கள் வைத்து, சரணாலயக் காட்டுக்கும் தோட்டத்துக்குள் இருக்கும் துண்டுகளுக்கும் இடையே சிறுத்தைகள் போய்வருவதைப் பதிவுசெய்து வருகிறது. டில்மா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும் இதில் பங்காளி. இலங்கையின் உச்ச ஊனுண்ணி, வேறெங்கும் இல்லாத தனித் துணையினம், குத்தகைக் கம்பனியின் நிலத்தில் வாழ்கிறது என்பதை இந்த வேலை மறுக்க முடியாதபடி காட்டியது.

ஆனால் அதே நிலத்தில் இன்னொரு சமூகமும் வாழ்கிறது. காலையில் பிரட்டு முடிந்து மலைக்குப் போகும் பெண்ணுக்குச் சிறுத்தை செடிக்குள் படுத்திருக்கலாம் என்பது செய்தியல்ல, வேலையின் ஒரு பகுதி. சிறுத்தையை விட அடிக்கடி அவரைத் தாக்குவது மரத்தில் கூடு கட்டும் குளவி; குளவி கொட்டி இறந்தவர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறித் துண்டு பலருக்குச் சம்பளத்துக்கு வெளியே இருக்கும் ஒரே வருமானம். ஓரிரவில் பன்றி வந்து கிளறினால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று, ஒரு தடி, பன்றி நுழையும் வழியில் ஒரு சுருக்கு. இதுவே அவர்களுக்குக் கிடைக்கும் மலிவான வேலி. இறைச்சிக்காகவும் சிலர் வைக்கிறார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. நாயைத் தேடி லயத்துப் பக்கம் வரும் சிறுத்தையும் அதே வழியில் போகிறது. தலையும் முன்கால்களும் நுழைந்துவிட, கம்பி இடுப்பில் இறுகும். இழுக்க இழுக்க அது உள்ளே வெட்டும். மீட்டவர்களாலும் பல வேளை காப்பாற்ற முடிவதில்லை.

கம்பி வைத்தவரைச் சிறையில் தள்ளுவது சட்டப்படி சரி. ஆனால் கம்பி அதனால் குறையும் என்று நான் நம்பவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, இன்றும் பெரும்பாலும் தான் பயிரிடும் துண்டுக்கு உறுதி இல்லாமல் வாழும் ஒருவருக்கு, அந்த நிலத்தில் எது வாழலாம் என்பதில் இதுவரை யாரும் பங்கு கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற அரசுக் கொள்கை 2015க்குப் பின் வந்தது. அதில் மரக்கறித் துண்டுக்கு இடம் குறைவு. நிலத்தில் உரிமை இல்லாதவரிடம் நிலத்தைக் காக்கச் சொல்வது, காடு வெட்டச் சொன்ன அதே அதிகாரத்தின் தொடர்ச்சி.

பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 53 ஆண்டுக்கானது. 2045இல் அது முடிகிறது. அதற்கு முன்பே புதுப்பிப்பது பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஒவ்வொரு தோட்டத்தின் பள்ளங்களும் ஓடைக்கரைகளும் முகடுகளும் அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்டு, வெட்டக்கூடாத நிலமாகக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அதே பத்திரத்தில், மரக்கறித் துண்டுகளுக்குப் பன்றி நுழையாத வேலியைக் கம்பனி அமைத்துக் கொடுப்பதும், பயிர்ச் சேதத்துக்கு நட்டஈடும், குளவிக் கூடுள்ள மலையில் அன்று வேலை வாங்காத விதியும், இவற்றை மேற்பார்க்கும் குழுவில் தோட்ட மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கோரிக்கைகளையும் மேசையில் வைக்கலாம்; அதற்கு 2045 வரை காத்திருக்கத் தேவையில்லை.